அந்தத் திருகத் தொடாதீங்க

ஐயோ தம்பி, அந்தத் திருகத் தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தானே உள்ள போனேன். தண்ணி எடுத்துட்டு வரதுக்குள்ள எஞ்சினையும் போட்டு, அதையும் திருப்பி வச்சுட்டீங்க. சமையல்கட்டுல இருக்கும்போதே சத்தம் மாறினது கேட்டுச்சு. சரி, அணைச்சிட்டீங்கல்ல, விடுங்க. இந்தாங்க, குடிங்க. கைய இந்தத் துணியில துடைச்சுக்கோங்க, கரித்துணிதான்.

நல்லாத்தான் வச்சிருக்கீங்க, இல்லைன்னு சொல்லல. குழாய் வாயில கருப்பா வந்துட்டு இருந்த புகை நின்னுபோச்சு. தொண்டை கட்டினவன் மாதிரி ஓடிட்டு இருந்தது ஒரே இழையா ஆயிடுச்சு. பெட்ரோல் ஜாஸ்தியாப் போயிட்டு இருந்தது, குறைச்சிட்டீங்க, அதானே? ஆனா சூடு காட்டுற அந்த ரெண்டு முள்ளும் ஏற ஏற உங்க மூஞ்சி போன போக்க ஜன்னல் வழியாப் பாத்தேன். ஆடிப்போயிட்டீங்க.

பயப்படாதீங்க. இதுக்குச் சூடு அப்படித்தான். நீங்க பிஸ்டன் எஞ்சின் பாத்துப் பழகின ஆளு. அதுல வெளிய போற புகை இவ்வளவு சூடா இருந்தா வால்வு வெந்துபோகும். இதுல ஏது வால்வு? முக்கோணமா ரெண்டு கட்டை, முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, உள்ள சுத்திக்கிட்டே இருக்கு. எரிஞ்சு முடியறதுக்கு முன்னாடியே வாசலத் திறந்து வெளிய தள்ளிடும். மிச்சம் குழாயிலதான் எரியும். அதான் முன் கட்டைக்கு ஒரு முள்ளு, பின் கட்டைக்கு ஒரு முள்ளு, ரெண்டும் எண்ணூறு டிகிரியத் தாண்டிப் போயி நிக்குது. இதுக்கு அது சாதாரணம். மொத மொதல்ல மாட்டின சத்தம் குறைக்கிற டப்பா உள்ளுக்குள்ளயே உருகி, துண்டு துண்டாக் கொட்டிச்சு. அத இன்னும் வச்சிருக்கேன், அந்த மூலையில பாருங்க. தூக்கிப் போட மனசு வரல.

யாரு சொல்லிக் குடுத்தாங்களா? யாரும் உக்கார வச்சு எல்லாம் சொல்லிக் குடுக்கல. பாத்தது, கேட்டது, திட்டு வாங்கினது, அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரரு லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு. லிஃப்ட் மொட்டை மாடியோட நின்னுடுது, அதுக்கு மேல போக மாட்டேங்குது, அதான் அவருக்குக் குறைன்னு நான் கிண்டல் பண்ணுவேன். அடிபட்டுக் கிடந்த ஒரு காருலேருந்து இந்த எஞ்சினக் கழட்டிட்டு வந்து, இந்தக் கொட்டகையில வச்சு, அதச் சுத்தி ஒரு விமானத்தக் கட்டினாரு. நான் ஆஸ்பத்திரியில, கத்தி கத்திரிக்கோலு எல்லாம் ஆவியில வேகவைக்கிற ரூம்ல வேலை. நாள் பூரா முள்ளப் பாத்துக்கிட்டு நிக்கிற வேலை. அதான் என்னைப் பக்கத்து சீட்டுல உக்கார வச்சாரு. பொண்டாட்டிங்கிறதுக்காக இல்ல தம்பி. முள்ளு பாக்க ஒரு ஆளு வேணும்.

இந்தப் பெட்ரோலும் காத்தும் சேர்ற கலவை இருக்கே, ஒரு தடவ சரி பண்ணிட்டோம், ஆச்சுன்னு விட முடியாது. ஒவ்வொரு வேகத்துக்கும் தனியா பண்ணணும். தரையில சரியா இருந்தது மேல போனா சரியா இருக்காது. அவரு ஒரே வேகத்துல புடிச்சுக்கிட்டுப் பறப்பாரு, நான் திருக டிக் டிக்குன்னு ஒவ்வொரு பல்லா நகத்துவேன். பெட்ரோலக் குறைக்கக் குறைக்க முள்ளு ஏறும். ஒரு உச்சிக்குப் போயி நிக்கும். அதையும் தாண்டிக் குறைச்சா, சூடு தணிஞ்சு இறங்க ஆரம்பிக்கும். அந்த இறக்கத்துல ஒரு இடம் இருக்கு, அதுதான் அவருக்குப் பிடிச்ச இடம். இன்னும் ஒரு பல்லு தள்ளினோம்னா எஞ்சின் இரும ஆரம்பிச்சிடும்.

அந்தச் சத்தத்துல பேசினா கேக்குமா? காதுல மாட்டுற மைக்குல வெறும் கரகரப்புதான். அதனால விரலு. கட்டைவிரல நீட்டினா பெட்ரோலக் கூட்டு. சுண்டுவிரல நீட்டினா குறை. சிரிக்காதீங்க, சுண்டுவிரலுக்கு ஸ்கூல்ல என்ன அர்த்தம்னு எனக்கும் தெரியும். முஷ்டிய மூடினா போதும், அப்படியே விடு. ஒரு நீட்டுக்கு ஒரு பல்லு. அதான் எங்க பாஷை.

வீட்டுல எங்களுக்குள்ள ஆகாது. மறைச்சு என்ன ஆகப்போகுது. அவரு வாயத் திறந்தா குத்தம், நான் வாயத் திறந்தா புலம்பல். சாப்பாட்டுத் தட்ட டொக்குன்னு வைக்கிறதுதான் பேச்சு. வாரக்கணக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்திருக்கோம். ஆனா ஞாயித்துக்கிழமை வந்துட்டா ரெண்டு பேரும் ஏறி உக்காந்துடுவோம். மேல போனா விரல் பேசும். நானும் பதிலுக்குத் திருகுவேன். அவரு முஷ்டிய மூடிட்டு ஒரு பார்வை பாப்பாரு, பாத்தியா எப்படி ஓடுதுன்னு கேக்குற மாதிரி. இறங்கி வந்ததும் திரும்ப உர்ருன்னு ஆயிடுவாரு. நானும் அப்படித்தான்.

ஒரு தடவ மேல இருக்கும்போது பின்னாடி முள்ளு மட்டும் தொபுக்குன்னு விழுந்துச்சு. பாய்ஞ்சு திருகப் புடிச்சேன். அவரு முஷ்டிய என் மூக்குக்கு நேரா நீட்டிட்டாரு. தொடாதேன்னு. அப்புறமாத்தான் எனக்கு உறைச்சுது. ரெண்டும் சேந்து விழுந்தா அது கலவை. ஒண்ணு மட்டும் விழுந்தா, அந்தப் பக்கம் பெட்ரோல் பீச்சுறது அடைச்சுக்கிச்சுன்னு அர்த்தம். விழுந்ததத் தூக்குறேன்னு நான் திருகியிருந்தா, நல்லா ஓடிட்டு இருந்ததையும் சேத்துக் கெடுத்திருப்பேன். மிச்சம் இருந்த ஒண்ண நம்பியே கொண்டுவந்து இறக்கினாரு. இறங்கிப் புல்லுல உக்காந்தோம். அவரு புல்லப் புடுங்கிப் புடுங்கிப் போட்டுக்கிட்டே இருந்தாரு. அந்த வாரம் முழுக்க அவரோட பேசாம இருந்தவ, அதெல்லாம் மறந்துபோயி, பசிக்குதான்னு கேட்டேன். என்னத்துக்கு அதக் கேட்டேன்னு இன்னி வரைக்கும் தெரியல.

யாரு, உங்க லாரிக்காரரா ஹார்ன் அடிக்கிறது? கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. எஞ்சின் எங்கயும் ஓடிப்போயிடாது. றெக்கையெல்லாம் கழட்டி செவுத்துல சாத்தியாச்சு, சக்கரத்துக்குக் கட்டை குடுத்து தரையில இருக்குற வளையத்தோட கட்டியும் போட்டாச்சு.

இல்லையில்ல, அவரு போய்ச் சேந்துடல. வரவங்க எல்லாம் அப்படித்தான் நினைச்சுக்குறாங்க. உள்ளதான் இருக்காரு. பக்கவாதம். இதோ, இந்த இடத்துலதான், ஸ்பேனரக் கையில வச்சுக்கிட்டே சரிஞ்சாரு. வலப்பக்கம் மொத்தமும் போச்சு. பேச்சும் போச்சு. பேச்சு போனதுகூடப் பரவாயில்ல, பேசி என்னத்தக் கிழிச்சோம். பாக்குறதும் போச்சு தம்பி. கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. ஆனா எது மேலயும் நிக்கிறதில்ல. பேச்சுப் பயிற்சி குடுக்குற அம்மா வந்து அட்டையில படம் காட்டினாங்க. நாற்காலி, கரண்டி, நாய்க்குட்டி. செவுத்தப் பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் என்னைக் காட்டி, இவங்க யாருன்னு கேட்டாங்க. என்னைத் தாண்டி ஜன்னலப் பாத்தாரு. இத்தனை வருஷம் சண்டை போட்ட மூஞ்சி. அதப் பாத்து ஒரு எரிச்சல்கூட வரல அவருக்கு. அவரு விழுந்த அன்னிக்கிக்கூட நான் அழல. என்னைத் தாண்டிப் பாத்த அன்னிக்கி அழுதேன்.

தூக்கி உக்கார வைக்கணும், திருப்பிப் படுக்க வைக்கணும், ஊட்டணும், துடைக்கணும். இடுப்பு விட்டுப்போச்சு. அலுப்பா இருக்கு. சொல்றதுக்கு என்ன வெக்கம், ரொம்ப அலுப்பா இருக்கு.

எஞ்சின விக்கணும்னு விளம்பரம் போட்டது மகன். வேற ஊருல வேலை. போன தடவ அவன் வந்திருந்தப்போ எஞ்சின் ஓடிட்டு இருந்துச்சு. அவரு மடியில கிடந்த போர்வைய விமானத்தோட முன் விசிறி உள்ள இழுத்துடுச்சு. கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள நூல் நூலாப் பறந்துச்சு கொட்டகை பூரா. மகன் வெளிறிப் போயிட்டான். அம்மா, நாளைக்கு இது உன் கைய இழுக்கும், அப்புறம் அப்பாவ யாரு பாத்துப்பாங்கன்னு கத்தினான். அவன் சொல்றதுலயும் தப்பில்ல. பயந்துட்டான், பாவம். ராத்திரி சாப்பிடக்கூட இல்ல.

எதுக்கு ஓட்டினேனா? வரேன் இருங்க.

உங்களுக்கு முன்னாடி மூணு பேரு வந்தாங்க. போடச் சொல்லிக் கேட்டாங்க. கருப்புப் புகையையும் இருமலையும் பாத்துட்டு, எஞ்சின் தேஞ்சுபோச்சும்மான்னு சொல்லிட்டு நடையக் கட்டிட்டாங்க. நீங்கதான் கைய உள்ள விட்டு, இது தேஞ்சது இல்ல, யாரோ மாத்தி வச்சதுன்னு கண்டுபிடிச்சீங்க. எனக்குன்னு வந்து வாச்சீங்க பாருங்க.

வேணும்னே கெடுத்து வச்சேனான்னு கேக்குறீங்களா? ஆமா. வேணும்னேதான். ஆனா வாங்க வரவங்கள விரட்டுறதுக்காக இல்ல. அவங்களா போனாங்க, நானும் புடிச்சு நிறுத்தல. அது என்னமோ உண்மைதான்.

அவரோட லிஃப்ட் வேலை பாத்தவரு ஒருத்தர், சும்மா கிடந்தா துருப் புடிச்சிடும்னு ஒரு நாளு வந்து எஞ்சினப் போட்டாரு. நல்ல குளிரு, எஞ்சின் ஒரே இருமல். எங்க வீட்டுக்காரர வெயிலுக்காக அந்தக் கதவோரம் சக்கர நாற்காலியில உக்கார வச்சிருந்தேன். போர்வைக்கு அடியில இடது கை அசைஞ்சுது. அரிக்குது போலன்னு விலக்கிப் பாத்தேன். கட்டைவிரல் நீட்டி இருந்துச்சு.

ஓடிப்போயி ஒரு பல்லு கூட்டினேன். திரும்பினா மறுபடியும் கட்டைவிரல். இன்னொரு பல்லு. இருமல் நின்னுச்சு. முஷ்டி மூடிச்சு. மூடிட்டுத் தலையத் தூக்கி என்னைப் பாத்தாரு தம்பி. செவுத்த இல்ல, ஜன்னல இல்ல, என்னை. மேல போனா பாப்பாருன்னு சொன்னேனே, அதே பார்வை.

மறுநாளும் ஆசையாக் கூட்டிட்டு வந்து போட்டேன். முந்தின நாளு வச்சது அப்படியே இருந்துச்சு, சுத்தமா ஓடிச்சு. அவரு அசையவே இல்ல. சரியா ஓடுற எஞ்சின்கிட்ட அவருக்கு என்ன பேச்சு? அதுக்கு அடுத்த நாளு, அவரக் கூட்டிட்டு வரதுக்கு முன்னாடி நானே கெடுத்து வச்சேன். அன்னிலேருந்து தினமும் இதே கதைதான். ஒரு நாளு கூட்டி வைப்பேன், ஒரு நாளு குறைச்சு வைப்பேன். அவரு விரலக் காட்டுவாரு, நான் திருகுவேன். முடிஞ்சதும் பாப்பாரு. நான்தான் கெடுக்குறேன்னு தெரியுமோ என்னமோ. தெரிஞ்சாலும் காட்டிக்குற ஆளில்ல.

மகன்கிட்ட சொல்லல. என்னன்னு சொல்றது? உங்கப்பா என்னைப் பாக்குறாருடான்னா? இந்த வயசுல?

இதோ, வெயிலு கதவுக்கு வந்துடுச்சு, அவரு வெளிய வர நேரம். மகன் உங்களுக்கு வாக்குக் குடுத்துட்டான், நீங்க எடுத்துட்டுப் போங்க, நான் குறுக்க நிக்கல. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ அவருக்குப் போட்டுக் காட்டிடலாம்னு நினைச்சேன். ஆனா நீங்க சரி பண்ணிட்டீங்களே. வாங்குறவரு கண்ணு முன்னாடியே அதத் திரும்ப எப்படிக் கெடுக்குறது? இப்ப போட்டா செவுத்தத்தான் பாப்பாரு. அதுக்குத்தான் தொடாதீங்கன்னு சொன்னேன்.

தம்பி, எங்க கிளம்பிட்டீங்க? தண்ணிய அப்படியே வச்சுட்டு...

என்னது, லாரி பின்னாடி எடுக்குற சத்தம் கேக்குதே. ஏன் அனுப்பிட்டீங்க? ஒண்ணும் எடுத்துக்காமலா? விசிறியச் சுத்தி என்ன? கம்பிக் கூண்டா? நாலு பக்கமும் அடிச்சுட்டா போர்வையும் போகாது, கையும் போகாதா? ம்... அது எங்க ரெண்டு பேருக்குமே தோணல பாருங்க, அவன் பயத்துல இருந்தான், நான் அலுப்புல இருந்தேன். நீங்களே அவனுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. நான் சொன்னா எடுபடாது.

திரும்பவும் அந்தத் திருகுல எதுக்குக் கைய வைக்கிறீங்க?

ஓ.

எத்தனை பல்லு திருப்பிக் கெடுத்தீங்க? ஆறா? ஐயோ, நான் ரெண்டு மூணுக்கு மேல வைக்கிறதே இல்ல தம்பி. இல்லையில்ல, இருக்கட்டும், மாத்தாதீங்க. நான் போயி அவரக் கூட்டிட்டு வரேன். இன்னிக்கிக் கொஞ்ச நேரம் கூடப் பேசிக்கிட்டு இருப்போம்.