சிலம்பாயி இடிச்ச மருந்து

ரோடு போடாத காலம். கோர்ட்டு கச்சேரின்னா என்னன்னு தெரியாத காலம். மலைக்கு இங்கிட்டு இருக்கிறவன் அங்கிட்டுப் போகணும்னா உசுரக் கையில பிடிச்சுக்கிட்டுப் போன காலம். அந்தக் காலத்துல இந்தக் கொழிஞ்சியூத்துல ராக்கன்னு ஒரு வாணக்காரன் இருந்தானாம். அவன் பொஞ்சாதி பேரு சிலம்பாயி. எங்க வம்சத்துக்கே மூத்த ஆத்தா அவதான்னு சொல்லுவாக.

ராக்கன் குழல் செய்வான், வாணம் கட்டுவான், கோயிலுக்குக் கோயில் போயி அதிர்வேட்டுப் போடுவான். ஆனா மருந்து இடிக்கிறது சிலம்பாயி. மாட்டுக்கொட்டத்து மண்ணைக் கரைச்சுக் காச்சி வெடியுப்பு எடுப்பா. எருக்கங்குச்சியைச் சுட்டுக் கரி எடுப்பா. கந்தகம் சேத்து, தண்ணி தெளிச்சுத் தெளிச்சு இடிப்பா. அவ இடிச்ச மருந்து பொய் சொல்லாதும்பாக. வச்சா வெடிக்கும். அம்புட்டுத்தான்.

சரி. ராக்கன் அங்கிட்டுத் திருவிழாவுக்குப் போகணும்னா ஆந்தைக் கணவாயைத் தாண்டணும். கணவாயில கள்ளப்பய பயம். போனவன் வரல, வந்தவன் கோவணத்தோட வந்தான்னு நித்தம் ஒரு சேதி. அதனால ராக்கன் ஒரு கைத்துப்பாக்கி வச்சிருந்தானாம். பட்டாளத்தை விட்டு ஓடியாந்த ஒருத்தன் கஞ்சிக்கு வித்துட்டுப் போனது. முழ நீளங்கூட இருக்காது. குழல் வாயில மருந்தைப் போட்டு, ஈயக்குண்டைப் போட்டு, கம்பியால இடிச்சுக் கெட்டிக்கணும். பெறகு பக்கவாட்டுல காதுன்னு ஒரு சின்னக் கிண்ணம், அதுல ஒரு சிட்டிகை மருந்து. விசையை இழுத்தா சக்கிமுக்கிக் கல்லு பொறி தட்டும், பொறி மருந்துல விழுகும், டமார். ஒரு தடவைதான் சுடும். மறுபடி சுடணும்னா மறுபடி கெட்டிக்கணும்.

ஒவ்வொரு பயணத்துக்கும் சிலம்பாயிதான் கெட்டிச்சுக் குடுப்பா. குடுக்கும்போது ஒரே வார்த்தை சொல்லுவாளாம்.

"இந்தாருங்க, இது இடுப்புல இருந்தா காவலு. கை மாறுச்சுன்னா எமன்."

"தெரியும்டி, தெரியும்"னு சிரிச்சுக்கிட்டே சொருகிட்டுப் போவானாம்.

அந்தக் கணவாய்க்கு ஒரு காவக்காரன் இருந்தான். உடும்பன்னு பேரு. மலைக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற ஊருக எல்லாம் அவனுக்குக் காவக்கூலியா தவசம் அளந்தாக. அறுப்பு முடிஞ்சா முதப் பங்கு அவனுக்கு. சிலம்பாயியத் தங்கச்சிம்பான். ராக்கனை மாப்ளம்பான். வீட்டுக்கு வந்தா கால நீட்டி உக்காந்து, "தங்கச்சி, மோர் கொண்டா"ன்னு கேட்டு வாங்கிக் குடிப்பான். அம்புட்டு உரிமை.

ஒரு பங்குனியில, மலைக்கு அங்கிட்டு இருக்கிற கோயில்ல ராக்கன் போட்ட வாணத்தைப் பாத்து, ஊரே கூடி அவனுக்கு வெள்ளிக்காப்புப் போட்டுச்சாம். காப்பைக் கையில மாட்டிக்கிட்டு, பொஞ்சாதிக்குக் காட்டணும்னு வேக வேகமா வந்திருக்கான். மக்யா நாளு ராக்கன் வரல. ராக்கன் பொணம் வந்துச்சு. கொண்டு வந்தது யாரு? உடும்பன். தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தானாம். மாரடிச்சு அழுதானாம்.

"அய்யோ தங்கச்சி! கள்ளப்பயலுக பாறைக்கு மறைவுல நின்னு சுட்டுப்புட்டாங்களே! நான் உச்சியில இருந்தேன், சத்தங்கேட்டு ஓடியாறதுக்குள்ள காப்பைக் கழட்டிக்கிட்டு ஓடிட்டாங்களே! இந்தத் துப்பாக்கியத்தான் மீக்க முடிஞ்சுச்சு. இதை நானே வச்சுக்கிர்றேன். இதை வச்சே அவங்களக் கொல்லுவேன்!"

ஊரே அவனக் கட்டிப் பிடிச்சு அழுதுச்சு. சிலம்பாயி அழுகலையாம்.

பொணத்தைக் குளிப்பாட்டுறப்ப அவ நெஞ்சுக் காயத்தைப் பாத்தா. காயத்தைச் சுத்தித் தோலு கருகியிருந்துச்சு. கருகுன தோலுக்குள்ள கடுகு தெளிச்ச மாதிரி மருந்துப் பொடி புதைஞ்சு கெடந்துச்சு. பாறை மறைவுல நின்னு சுட்டா குண்டு வரும், மருந்து வருமா? வராது. குழல நெஞ்சுக்கு நேரா, கைக்கு எட்டுற தூரத்துல வச்சுச் சுட்டாத்தான் அப்படிக் கருகும். நித்தம் மருந்தோட கெடக்குறவளுக்கு அது தெரியாதா?

துப்பாக்கியைக் கேட்டு வாங்கி மோந்து பாத்தா. சுட்ட வாடை. ராக்கன் சுட்டிருந்தா, "மாப்ள ஒருத்தனைச் சாச்சுப்புட்டான்"னு உடும்பன் பெருமை பேசியிருப்பானே. பேசலையே. அப்ப இந்தத் துப்பாக்கிதான் இந்த நெஞ்சைச் சுட்டிருக்கு. தன் கையால தான் கெட்டிச்ச மருந்து. ராக்கன் யாரை நம்பி இதைக் கை மாத்துவான்? கள்ளனுக்கா குடுப்பான்? மச்சான் கேட்டாத்தான் குடுப்பான்.

அம்புட்டும் அவளுக்கு அந்த எடத்துலயே வெளங்கிப் போச்சு. வாயைத் தொறக்கல. சொன்னா யாரு நம்புவா? கையில பால்குடி மறக்காத பச்சப்புள்ள. உடும்பனுக்குப் பின்னால ஆளுக. துப்பாக்கிய அவன்கிட்டயே திருப்பிக் குடுத்தா.

"வச்சுக்கண்ணே. ஒனக்குத்தான் வேணும்"னாளாம்.

கருமாதி அன்னைக்குத் தாலி வாங்க பொம்பளைக வந்தாக. சிலம்பாயி தாலிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

"இன்னும் காரியம் முடியல. போங்க."

"ஏத்தா, கருமாதியே முடிஞ்சுபோச்சே?"

"முடியலன்னு சொல்றேன்ல!"

புத்தி பிசகிருச்சுன்னு ஊரு பேசிக்கிட்டுப் போயிருச்சு.

இப்பக் கேளுங்க. துப்பாக்கி உடும்பன் இடுப்புக்கு வந்துச்சு, சரி. மருந்துக்கு எங்க போவான்? சுத்துவட்டத்துல மருந்து இடிக்கிறவ ஒருத்திதான். சித்திரை வெயில்ல வந்து நின்னானாம்.

"தங்கச்சி, கொஞ்சம் மருந்து வேணும்."

"அதுக்கென்னண்ணே. இடிச்சுத் தாரேன்."

அந்த மருந்தை அவ எப்படி இடிச்சாங்கிறீக? எப்பவும் வெடியுப்பைக் காச்சிக் காச்சி, அதுல கலந்து வர்ற கறியுப்பைப் பிரிச்சு எறிஞ்சிருவா. இந்தத் தடவை எறியல. கறியுப்பு என்ன செய்யும்? வெயில் காலத்துல சும்மா கெடக்கும். காத்து ஈரமாச்சுன்னா தண்ணியக் குடிக்கும். ஒரு பானை நெறைய இடிச்சுக் குடுத்தா.

உடும்பன் லேசுப்பட்டவனா? அவ கண்ணு முன்னாலயே கெட்டிச்சான், புளிய மரத்தப் பாத்துச் சுட்டான். டமார்! பட்டை தெறிச்சுச்சு.

"மருந்துன்னா தங்கச்சி மருந்துதான்"னு பானையத் தூக்கிட்டுப் போனானாம்.

அவ என்ன செஞ்சா? ராக்கன் போட்ட அதிர்வேட்டுக் குழல்ல சின்னதா ஒண்ணைப் பொறுக்கி எடுத்தா. அதை ஒரு சாண் கலப்பைக் கட்டையில வச்சு எருமத்தோல் வாரால இறுக்கிக் கட்டி, அடியில ஒரு ஓட்டை போட்டா. விசை இல்ல, கல்லு இல்ல. தீக்கங்கு காட்டினா வெடிக்கும். அதுக்குன்னு தனியா, கறியுப்பு ஒரு துளி இல்லாம மருந்து இடிச்சு, ஈயக்குண்டோட கெட்டிச்சா. குழலைச் சேலைக்குள்ள சொருகிக்கிட்டு ஆடிக்காகக் காத்திருந்தா.

ஆடி வந்துச்சு. கணவாயில சாரல் விழுகுற மாசம். பாறை வேர்க்கும், துணி காயாது. ஆத்தா கோயில்ல கூழு ஊத்துற அன்னைக்கு உடும்பன் ஆளுக எல்லாம் கூழுக்குப் போயிட்டாங்க. கணவாயில உடும்பன் மட்டும் ஒரு பாறைக்கடியில ஒதுங்கி உக்காந்திருந்தானாம். பொழுது சாயுற நேரம், சிலம்பாயி தீச்சட்டி ஏந்தி வாரா. வேப்பிலை, மஞ்சச்சீலை, சட்டி நெறையக் கங்கு.

"என்ன தங்கச்சி, தனியா வார?"

"நேந்துக்கிட்டேண்ணே."

"என்ன நேந்துக்கிட்ட?"

"ஒரு உசுரு கேட்டேன். இன்னைக்குத் தாரேன்னு ஆத்தா சொல்லிட்டா."

சட்டியக் கீழ வச்சா. நிமுந்து பாத்தா.

"அண்ணே, அன்னைக்கு அவரு துப்பாக்கிய எப்படிக் குடுத்தாரு? பிடிய ஒம் பக்கம் வச்சா, குழல ஒம் பக்கம் வச்சா?"

உடும்பன் சிரிச்சானாம்.

"பிடிய எம் பக்கம் வச்சுத்தான். 'பாரு மச்சான்'னு நீட்டுனான். மருவாதி தெரிஞ்ச பய."

சொல்லிக்கிட்டே துப்பாக்கிய உருவி அவ நெஞ்சுக்கு நீட்டி விசைய இழுத்தான். கல்லு தட்டுச்சு. பொறி பறந்துச்சு. புஸ்ஸ்ஸ்! பூனை சீறுன மாதிரி ஒரு சத்தம். அம்புட்டுத்தான். மறுபடி காதுல மருந்தைக் கொட்டி இழுத்தான். புஸ்!

"எம் மருந்துண்ணே அது. யாரைச் சுடக்கூடாதுன்னு அதுக்குத் தெரியும்"னா சிலம்பாயி.

துப்பாக்கிய வீசிட்டுச் சூரிக்கத்திய எடுத்துப் பாஞ்சான். அவ நகரலையாம். சேலைக்குள்ள இருந்த குழல உருவி அவன் நெஞ்சுக்கு நேரா பிடிச்சு, சட்டிக் கங்கை வெறுங்கையால அள்ளி ஓட்டையில வச்சா.

மலையே இடிஞ்ச மாதிரி சத்தம். கூழு குடிச்சுக்கிட்டிருந்த ஊரே திரும்பிப் பாத்துச்சாம். உடும்பன் மல்லாந்து விழுந்தான். குழலும் வெடிச்சுச் சிதறிப் போச்சு. அவ வலது கையில கட்டை விரல் மட்டுந்தான் மிச்சம்.

அவனுக்கு உசுரு ஒடனே போகல. "தண்ணி... தண்ணி..."ன்னு கேட்டானாம்.

"அவரு கேட்டாரா? நீ குடுத்தியா?"

அவ பக்கத்துலயே உக்காந்து, ரத்தம் ஒழுகுற கையச் சீலையில சுத்திக்கிட்டு, கண்ணு கொட்டாமப் பாத்துக்கிட்டே இருந்தா. மூச்சு நின்ன பெறகுதான் எந்திரிச்சா. தாலியத் தானே அத்து அந்தத் தீச்சட்டியில போட்டா. ராக்கன் துப்பாக்கிய எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டு ஊருக்குள்ள நடந்தா.

"உடும்பனக் கொன்னுட்டேன். எம் புருசனக் கொன்னவன் அவன். கணவாய்க் கள்ளனும் அவன்தான்."

உடும்பன் ஆளுக அருவாளத் தூக்கிட்டாங்க. "எங்கண்ணன் மேல பழி போடுறியா? ஒந் தலைய எடுத்தாத்தான் எங்களுக்குச் சோறு!"

"எடுங்க. அதுக்கு முந்தி அவன் வீட்டைக் கூரை வரைக்கும் பிரிச்சுப் பாருங்க. எம் புருசன் காப்பு அங்க இல்லேன்னா, நானே கழுத்த நீட்டுறேன்."

பெரியாளுக கூடிப் போனாக. கூரையைப் பிரிச்சாக. கீத்துக்குள்ள இருந்து வெள்ளிக்காப்பு விழுந்துச்சு. அதோட நிக்கல. அரணாக்கொடி விழுந்துச்சு, மோதிரம் விழுந்துச்சு, யார் யாரோ பொம்பளைக தாலி விழுந்துச்சு. ஊரே வாயப் பொத்திக்கிட்டு நிக்கிது. அருவாளத் தூக்குன பயலுக ஒவ்வொருத்தனா நழுவிட்டான்.

உடும்பன் பொஞ்சாதி வெள்ளத்தாயி அந்த வாசல்ல தலைய விரிச்சுப் போட்டு அழுதுக்கிட்டு இருந்தா. விழுந்த சாமான்ல ஒத்தக் கடுக்கன் ஒண்ணு உருண்டு வந்து அவ கால்கிட்ட நின்னுச்சாம். எடுத்துப் பாத்தா. அழுகைய நிப்பாட்டிட்டா. அவ கூடப்பொறந்த தம்பி கடுக்கன் அது. மாடு பிடிக்கச் சந்தைக்குப் போனவன் திரும்பவே இல்ல. "நம்ம மச்சானக் காங்கலையே"ன்னு அவளோட சேந்து மலை மலையாத் தேடுனவன் யாரு? இதே உடும்பன்.

வெள்ளத்தாயி முடியக் கோதிக் கொண்டை போட்டுக்கிட்டு எந்திரிச்சா. கணவாய்க்கு நடந்தா. ஊரு பின்னாலயே போச்சு. புருசன் பொணத்துக்கிட்ட போயி நின்னு, கீழ கெடந்த கல்லை எடுத்தா.

"எந்திரிடா! எந்திரிச்சு எந் தம்பிக்குப் பதில் சொல்லுடா!"

கல்லை அவன் மேல போட்டா.

அடுத்தாப்ல சிலம்பாயி குனிஞ்சா. வலது கையிலதான் விரல் இல்லையே. இடது கையால எடுத்து எறிஞ்சா.

"எந்திரிடா!"

பெறகு ஊரே எறிஞ்சுச்சு. புதைக்கல, எரிக்கல. கல்லாலேயே மூடுனாக.

திரும்பி வாரப்ப ஒரு பொம்பள கேட்டாளாம், "சிலம்பாயி, இப்பவாவது வயிறு குளுந்துச்சா?"

"எங்க குளுந்துச்சு? ஒரு சாவு பத்துமா அவனுக்கு? இன்னொரு தடவை எந்திரிச்சு வரச் சொல்லு, இன்னொரு தடவை கொல்லுறேன்"னாளாம்.

கடைசி வரைக்கும் அந்தத் துப்பாக்கி அவ இடுப்ப விட்டு எறங்கல. சந்தைக்குப் போனாலும் சரி, மகன் கல்யாணத்துல மணவறைக்குப் பக்கத்துல நின்னாலும் சரி. இடது கையாலயே கெட்டிக்கப் பழகிட்டா. யார் கேட்டாலும் தொடக் குடுத்ததில்லையாம். கணவாயைத் தாண்டுற சனங்களுக்கு அவளே தொணைக்குப் போவா. அவ இருந்த வரைக்கும் அந்தப் பாதையில ஒரு கோழிகூடக் களவு போகலம்பாக.

நீங்க பஸ்ஸுல வாரப்ப பாத்திருப்பீகளே, மேட்டு வளைவுல பனை ஒசரத்துக்குக் கல்லு குமிஞ்சு கெடக்கே, அதுதான் எந்திரிடா குமி. கண்டக்டரு "எந்திரிடா குமி எறங்கு"ன்னு கத்துவாரு. தெரியாத ஆளுக தன்னைத்தான் எழுப்புறாருன்னு பதறி எந்திரிப்பாக. அங்கிட்டு நடந்து போறவன் யாரா இருந்தாலும் ஒரு கல்லை எடுத்து, "எந்திரிடா"ன்னு சொல்லி எறிஞ்சுட்டுத்தான் போகணும். இடது கையாலதான் எறியணும். வலது கை ஆகாது.

ஆடியில கூழு ஊத்துற அன்னைக்கு ஊரே தெரண்டு போயி எறிவோம். எங்க வம்சத்துக்கு ரெண்டாவது கல்லுதான். முதக் கல்லு உடும்பன் வம்சத்துக்கு. எங்க இருந்தாலும் வந்துருவாக. மெட்ராசுல இருந்து வருவாக, திருப்பூருல இருந்து வருவாக, புள்ள குட்டியோட வருவாக. வெள்ளத்தாயி வாங்குன உரிமை அது. இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் விட்டுக் குடுத்ததில்ல.