ஞானத்தகப்பன்

இரவு பத்தே முக்கால் மணி. சாந்தோமிலிருந்து அடையாற்று முகத்துவாரத்துப் பக்கம் போகிற ரோடு. எழுபத்திரண்டாம் வருஷம் அங்கே என்ன இருந்தது? ஒரு பக்கம் கல்லறைத் தோட்டத்து மதில். மறுபக்கம் முள்ளுக்காடு. அதைத் தாண்டினால் சேறு, சேற்றைத் தாண்டினால் ஆறு. விளக்குக் கம்பம் இரண்டு. அதில் ஒன்று எரியாது.

அந்த ரோட்டில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா போய்க்கொண்டிருந்தது. மிதித்தவன் ஷாஹுல் ஹமீது. உள்ளே உட்கார்ந்திருந்தவர் ராஜரத்தினம். கதை கேட்கக் கூடியிருக்கிற நம் கூட்டத்தில் அதோ, சுவரோரம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இருக்கிறானே நம் பொன்ராஜ், அவனுடைய தாய்மாமா. பொன்ராஜ் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டான். சொன்னால் தப்பில்லை என்று தலையை மட்டும் ஆட்டியிருக்கிறான்.

ராஜரத்தினம் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். நாற்பது வயது, வாட்டசாட்டமான உடம்பு. கடலோரத்துச் சின்ன மாதா கோயில் ஒன்றில் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, திரி ஏற்றுவது, கல்லறைத் தோட்டத்துச் சாவியை வைத்துக்கொள்வது, எல்லாம் அவர் வேலை.

அன்று பெரிய சனிக்கிழமை. விடிந்தால் ஈஸ்டர். அந்த நள்ளிரவுப் பூசையை நம்மில் பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டோம். கோயிலில் ஒரு விளக்கு விடாமல் அணைத்துவிடுவார்கள். வாசலில் விறகு அடுக்கிப் புதுத்தீ மூட்டுவார்கள். அந்தத் தீயில் சாமியார் ஒரு பெரிய மெழுகுதிரியை ஏற்றி இருட்டுக்குள் கொண்டு வருவார். அதிலிருந்து ஒருவர் தன் திரியைக் கொளுத்திக்கொள்வார், அவரிடமிருந்து அடுத்தவர்... அப்படியே கோயில் முழுக்க வெளிச்சம் பரவும். இருட்டிலிருந்து மனம் திரும்பினவனுக்கு அந்த வெளிச்சம் சொந்தம் என்பது அவர்கள் நம்பிக்கை. புதிதாக வேதத்தில் சேருகிறவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் அந்த இரவில்தான்.

புதுத்தீக்கு வேண்டிய விறகு கல்லறைத் தோட்டத்துக் கொட்டகையில் கிடந்தது. ராஜரத்தினம் பூட்டைத் திறந்து உள்ளே போனார். இரண்டு கட்டு விறகோடு வந்து ஏறினார். தேய்பிறை நிலா அப்போதுதான் மதிலுக்கு மேலே வந்திருந்தது. வண்டி கிளம்பியது. கிறீச்... கிறீச்... பத்து மிதி மிதிப்பதற்குள் ஷாஹுல் ஹமீதுக்கு மூச்சு வாங்கியது.

"இன்னா நைனா, ஆள் யாரையாச்சும் ஏத்திக்கினியா?"

"விறகுதாம்ல. மிதி."

"வெறகு கனம் எனக்குத் தெரியாதா? இன்னொருத்தன் குந்திகினு கீற மாரி கீது."

ராஜரத்தினம் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. இடது தொடை ஓரம் சில்லென்று இருந்தது. ஈரம்... வேட்டியில் ஊறி மேலே ஏறியது. ஆற்றுச் சேற்று நாற்றம். அழுகின பாசி நாற்றம். அவருக்கு அந்த நாற்றம் புதிதில்லை. சரியாக ஒரு வருஷத்துக்கு முன்னால், இதே பெரிய சனிக்கிழமை, அது அவர் கையில் ஒட்டிக்கொண்டு மூன்று நாள் போகாமல் இருந்தது.

ராஜரத்தினத்துக்குக் கடைசித் தங்கை ஒருத்தி. ரெஜினா. அவளுக்கும் நொச்சிக்குப்பத்தில் மீன் பிடிக்கிற கணேசமூர்த்திக்கும் பழக்கம். ஓடிப் போகவில்லை, ஒளிக்கவில்லை. கணேசமூர்த்தி நேராகச் சாமியாரிடம் வந்து நின்றான். ஆறு மாசம் வேதபாடம் படித்தான். ஜெபமெல்லாம் மனப்பாடம். ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம், பிறகு கல்யாணம் என்று முடிவாயிற்று. ஞானஸ்நானம் வாங்குகிறவனுக்கு ஞானத்தகப்பன் ஒருவர் வேண்டும். தோளில் கை வைத்து நிற்பதும், பெரிய திரியிலிருந்து அவன் திரியை ஏற்றிக் கொடுப்பதும் அவர்தான். கணேசமூர்த்தி யாரைக் கேட்டான் தெரியுமா? ராஜரத்தினத்தைத்தான்.

"மச்சான், நீதான் எனக்கு வெளக்கேத்திக் கொடுக்கணும். வேற ஆரும் வாணாம்."

ராஜரத்தினம் சரி என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். ஊரில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளைக்கு அவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். மீன்காரனுக்குத் தங்கையைக் கொடுத்தால் சொந்தக்காரன் எவன் தன் வீட்டுப் படியேறுவான் என்று அவருக்குள் ஒன்று கொதித்துக்கொண்டே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில், விறகு எடுக்க ஒத்தாசைக்கு வா என்று அவனைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே புதிதாக வெட்டின குழி ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை செத்துப்போன ஒரு பெரியவரை ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் புதைப்பதற்காக வெட்டின குழி. குழி வெட்டுகிறவன் வீட்டுக்குப் போய்விட்டான். கணேசமூர்த்தி குனிந்து விறகைப் பொறுக்கினான். ராஜரத்தினம் கடப்பாரையைத் தூக்கிப் பின்மண்டையில் போட்டார்.

தேங்காய் உடைகிற சத்தம்.

ஆனால் அவன் சாகவில்லை. எழுந்து ஓடினான். பின்பக்கத்து மதில் இடிந்து கிடந்த இடத்தில் இறங்கி ஆற்றுச் சேற்றில் விழுந்தான். ராஜரத்தினம் பின்னாலேயே பாய்ந்து முதுகில் முட்டியை ஊன்றி, தலைமயிரைப் பிடித்து, முகத்தைச் சேற்றில் அமுக்கினார். கடலில் வலை இழுத்த உடம்பு. லேசில் அடங்கவில்லை. இரண்டு தடவை தலையைத் தூக்கினான். இரண்டாம் தடவை வாய் நிறையச் சேற்றோடு "மச்சான்" என்றான். மூன்றாம் தடவை தூக்கவில்லை.

பிணத்தை இழுத்து வந்தார். குழியை இன்னும் ஒரு முழம் தோண்டி, அதில் அவனைக் கிடத்தி, மண்ணைத் தள்ளி மிதித்துச் சமம் செய்தார். மறுநாள் பெரியவரின் பெட்டி அதன்மேல் இறங்கியது. முதல் பிடி மண்ணை ராஜரத்தினமே போட்டார்.

கடல் கொண்டுபோய்விட்டது என்றார்கள் குப்பத்தில். ஞானஸ்நானத்துக்குப் பயந்து ஓடிவிட்டான் என்றார்கள் கோயிலில். ஒரு வருஷமாக ரெஜினா அண்ணனோடு பேசவேயில்லை. வாத்தியார் மாப்பிள்ளையோடு அடுத்த மாசம் கல்யாணம் என்று நாள் குறித்த பிறகும் பேசவில்லை.

இப்போது ரிக்‌ஷா கோயில் வாசலில் நின்றது. ராஜரத்தினம் இறங்கினார். விறகை இறக்கினார். கூலியை வாங்கிக்கொண்ட ஷாஹுல் ஹமீது, ஸீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். ஸீட்டில் ஒரு ஆள் அகலத்துக்குச் சேறு.

பூசை தொடங்கியது. கும்மிருட்டு. புதுத்தீ மூட்டினார்கள். சாமியார் பெரிய திரியோடு உள்ளே வந்தார். வெளிச்சம் பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் நகர்ந்தது. ராஜரத்தினம் கடைசி வரிசைக்குப் பின்னால், மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றார். முன்னால் இருந்தவர் திரும்பித் தன் திரியைச் சாய்த்தார். ராஜரத்தினம் தன் திரியை அதில் வைத்தார்.

இரண்டும் அணைந்தன.

முன்னால் இருந்தவர் பக்கத்தில் கேட்டு ஏற்றிக்கொண்டார். மறுபடி சாய்த்தார். மறுபடி இரண்டும் அணைந்தன. மூன்றாம் தடவை அவர் எரிச்சலோடு, "இன்னாப்பா, திரி நனைஞ்சிருச்சா?" என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். கோயில் முழுக்க முந்நூறு சுடர். ராஜரத்தினம் நின்ற இடம் மட்டும் இருட்டு.

ஞானஸ்நானம் வாங்க அந்த வருஷம் மூன்று பேர். தொட்டியைச் சுற்றி வரிசையாக மண்டியிட்டார்கள். ராஜரத்தினம் தலைகளை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று... நான்கு. நான்காமவன் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தலைமயிரிலிருந்து மணல் கொட்டிக்கொண்டிருந்தது. பின்மண்டையில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக, அவனுக்கு முன்னால் எரிந்த பெரிய திரியின் வெளிச்சம் இந்தப் பக்கம் தெரிந்தது.

சாமியார் குனிந்து குனிந்து ஊற்றிக்கொண்டு வந்தார். நான்காவது தலைக்கும் ஊற்றினார். வழக்கம்போலத்தான் ஊற்றினார். "ஞானத்தகப்பன்மார் வரலாம்" என்றார்.

மூன்று பேர் எழுந்து போனார்கள். நான்காமவனின் தோள் வெறுமனே இருந்தது. அவன் மெல்லத் திரும்ப ஆரம்பித்தான்...

ராஜரத்தினம் ஓடினார். பக்கவாட்டில் பூசைச் சாமான் வைக்கிற அறை. உள்ளே புகுந்து தாழ்ப்பாள் போட்டார். கைக்குக் கனமாக எதுவோ அகப்பட்டது. பித்தளைத் திரித்தண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறைக்குள் அதே சேற்று நாற்றம். காதுக்குப் பக்கத்தில், சேறு அடைத்த தொண்டையிலிருந்து ஒரு குரல்.

"மச்சான்... என் வெளக்கு."

அடித்தார். பலங்கொண்ட மட்டும் அடித்தார். தண்டு எலும்பில் இறங்குவது கையில் தெரிந்தது. அது விழவில்லை. மறுபடி அடித்தார். மறுபடி. சூடாக ஏதோ அவர் கண்ணில் வழிந்தது. நாலாவது அடியில்தான் அவருக்குப் புரிந்தது. அடி அதன்மேல் விழ விழ, உடைவது தன்னுடைய மண்டை. பின்தலையைத் தொட்டார். விரல் உள்ளே போயிற்று.

தண்டு கையைவிட்டு நழுவியது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். ஒரு வருஷத்தில் முதல் தடவை. "ஏலே... நான் என்னலே செய்யணும்?" என்று கேட்டார். இருட்டில் ஒரு கை நீண்டது. சில்லென்ற விரல்கள் அவர் கையில் ஒரு மெழுகுதிரியை வைத்து மூடின.

பூசை பாதியில் நின்றது. தலையிலிருந்து ரத்தம் கொட்டக் கொட்டக் கோயில்பிள்ளை நடுவழியே நடந்து வருவதை முந்நூறு பேரும் பார்த்தார்கள். ஒரு குழந்தை வீறிட்டது. அவர் பெரிய திரிக்கு முன்னால் போய் மண்டியிட்டு, கையிலிருந்ததை நீட்டினார். பற்றவில்லை. மறுபடி நீட்டினார். பற்றவில்லை.

"சாமி, கணேசமூர்த்தி ஓடிப் போகல. நான்தான் கொன்னேன்" என்றார். "கடப்பாரையால அடிச்சேன். உசிரு போகல. சேத்துல முகத்தை அமுக்கிக் கொன்னேன். மச்சான்னு கூப்பிட்டான். கூப்பிடக் கூப்பிட அமுக்கினேன். போன ஈஸ்டருக்குப் புதைச்ச பெரியவர் குழிக்குள்ளதான் கெடக்கான். என் கையால புதைச்சேன்."

கடைசிச் சொல் வாயைவிட்டு வெளியே வந்ததும் திரி பற்றிக்கொண்டது. அவர் அதைப் பெரிய திரியில் வைக்கக்கூட இல்லை. பார்த்தவர்கள் சத்தியம் செய்து சொன்னது இது.

ராஜரத்தினம் எரிகிற திரியைத் தன் வலப்பக்கம் யாருக்கோ நீட்டினார். இடக்கையை உயர்த்தி, காற்றில் ஒரு தோளின் உயரத்தில் வைத்தார். கை அப்படியே அங்கே நின்றது. ஏதோ ஒன்றின்மேல் இருப்பதுபோல். ரெஜினா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். அண்ணனை அடிக்கப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் அண்ணனைப் பார்க்கவேயில்லை. அவருக்குப் பக்கத்திலிருந்த வெறும் இடத்தைப் பார்த்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஷாஹுல் ஹமீதைக் கடந்து ஒரு சுடர் போயிற்று. நெஞ்சு உயரத்தில். கூட ஆள் இல்லை. "கடல்காத்து பேயாட்டம் அட்ச்சிக்கினு கீது நைனா. அது ஆடவேயில்ல" என்றுதான் அவன் இன்றைக்கும் சொல்கிறான். கல்லறைத் தோட்டத்து ரோட்டில் திரும்பி, எரியாத கம்பத்தைத் தாண்டும் வரை அது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

ராஜரத்தினத்துக்குத் தலையில் பதினேழு தையல். பிழைத்துக்கொண்டார். கோர்ட்டில் வக்கீல் வேண்டாம் என்றார். ஆயுள் தண்டனை. ரெஜினா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்ளாத குடும்பத்துப் பெண், அழிக்கப் பொட்டு இல்லாமலே தன்னை விதவை என்றே சொல்லிக்கொண்டாள்.

குழியைத் திங்கட்கிழமை காலையில் தோண்டினார்கள். இன்ஸ்பெக்டர், டாக்டர், இரண்டு கான்ஸ்டபிள்கள், சாமியார். பெரியவரின் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு இன்னும் ஒரு முழம் தோண்டினார்கள். அவன் குப்புறக் கிடந்தான். மார்கழிக்குப் பிறகு மழையே இல்லை. மண் மாவு மாதிரி உலர்ந்திருந்தது. எலும்பெல்லாம் சுள்ளியாகக் காய்ந்து கிடந்தது. டாக்டர் மண்டை ஓட்டைக் கையில் எடுத்துத் திருப்பினார்.

உச்சந்தலை மட்டும் ஈரமாக இருந்தது.

சேற்றுத் தண்ணீர் இல்லை, தெளிந்த நல்ல தண்ணீர். கான்ஸ்டபிள் ஒருவர் கைக்குட்டையால் துடைத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மறுபடி நனைந்தது. அவர் மறுபடி துடைத்தார்...