இரண்டாவது டேக்

நெய்வேலி வெயிலில் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நிற்கக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் சார். எனக்குத் தெரியவில்லை. தனியார் துப்பறிவாளன் என்றால் கோட்டு வேண்டும் என்று நினைத்தேன். பண்ருட்டியில் ஒரு நாடகக் குழுவிடம் வாடகைக்கு வாங்கினேன். ஆங்கிலேயக் கலெக்டர் வேஷத்துக்குத் தைத்தது. அதைப் போட்டு நடந்தால் துப்பறிய வந்தவன் மாதிரி இல்லை, வரி வசூலிக்க வந்தவன் மாதிரி இருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் ஜாஸ்பர். மெயின் பஜாரில் வீடியோ கடை. கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் எல்லாம் எடுப்பேன். மனசுக்குள் நான் டைரக்டர். காணாமல் போன ஒருவரைத் தேடும் துப்பறிவாளன் கதை ஒன்றை வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். கேட்டவர்கள் எல்லோரும் என் கடையில் ஆல்பத்துக்குக் காத்திருந்தவர்கள்.

அப்பா இன்னாசிராஜ் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் பர்மனென்ட். ஜனவரியில் அவருக்கு ரிடையர்மென்ட். அதோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். அந்த வீட்டில்தான் பிறந்தேன், அந்த வீட்டுப் பலா மரத்தில்தான் விழுந்து கையை உடைத்துக்கொண்டேன். லிடியா என்று ஒரு பெண்ணைப் பார்க்கப் போனோம். அவள் அப்பா காபி வருவதற்குள் கேட்டார்: "தம்பி பர்மனென்டா, கான்ட்ராக்டா?"

"டைரக்டர்" என்றேன். காபி வரவில்லை.

வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால் வாரிசுக்கு வேலை கேட்கலாம் என்பது டவுன்ஷிப்பில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அதைத் துக்க வீட்டில் பேசுவார்கள். நான் கொஞ்சம் முன்னதாக யோசித்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பாவை எனக்குப் பிடிக்காது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். என் கதையை முழுசாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். படத்தில் ஒரு வேஷம் இருக்கிறது, வசனம் கிடையாது, பிணமாகப் படுக்கவேண்டும் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"வசனம் இல்லாத வரைக்கும் நல்லதுடா. எனக்கு ஞாபகம் நிக்காது."

அம்மாவுக்கு இப்போது சொல்லவேண்டாம், திரையில் பார்க்கட்டும் என்றேன். அதையும் ஒப்புக்கொண்டார். ஜூன் மாதம், முந்திரி சீசன் முடிந்து தோப்புகளில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம். முதல் ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட்டார். அம்மா கிறிஸ்துமஸுக்கு எடுத்துக்கொடுத்த ஊதா சட்டையைப் போட்டுக்கொண்டார். நெல்லிக்குப்பத்தில் ஒருவரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னார். அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதற்காக நீங்கள் நெல்லிக்குப்பம் முழுக்க அலைந்தீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

பிணத்துக்கு எதற்கு நல்ல சட்டை என்று கேட்டேன்.

"சினிமாவுல வரேன். கிழிஞ்சதயா போட்டுக்கினு வருவாங்க?" என்றார்.

மேல்பட்டாம்பாக்கம் போகிற பாதையை ஒட்டிய தோப்பில் குழியை வெட்ட ஆரம்பித்தது நான்தான். எனக்கு முதுகுவலி. அவர் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். "இந்த ஆழம் போதாதுடா, நாய் பறிச்சிடும். கதைக்குப் பொருந்தணும்ல?" என்று இன்னும் வெட்டினார். பிறகு இறங்கிப் படுத்து, கையை மார்பில் வைத்து, கண்ணை மூடினார்.

"மூச்சு விடலாமாடா?"

"விடாதீங்கப்பா" என்றேன்.

சொன்னால் கேட்கிற மனிதர். மண்வெட்டியின் பின்பக்கம் கனமானது. மீதி உங்கள் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் இருக்கிறது.

இனிமேல்தான் என் புத்திசாலித்தனத்தைப் பார்க்கவேண்டும். என் கதையில் கொலைகாரன் மாட்டுவது பிணத்தால்தான். நான் பார்த்த எல்லாப் படத்திலும் அப்படித்தான். அதனால் பிணம் கிடைக்கவே கூடாது என்று மண்ணைத் தள்ளி, மிதித்து, சருகு தூவி, துப்பறிவாளன் கண்ணோடு நாலு பக்கமும் நின்று பார்த்துவிட்டு வந்தேன். 'காணவில்லை' போஸ்டரைக்கூட நானே டிசைன் செய்தேன். அப்பாவின் கன்னத்தில் இருந்த மருவை எடுத்துவிட்டேன். அடையாளம் சொல்ல வேண்டிய மரு. பழக்க தோஷம்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் யூனியன்காரர் ராஜாங்கம் இருக்கிறார். ஒரு மாதம் கழித்து அவரிடம் வாரிசு வேலை பற்றிப் பேச்சை எடுத்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்கப்பா காணாம போயிருக்காரு தம்பி. சாகல. ரெண்டும் வேற."

"வந்துடுவாருன்னு தோணலங்க."

"உனக்குத் தோணுனா போதுமா? பாடி கெடச்சாதான் சாவு. இல்லன்னா ஏழு வருசம் ஆவணும். அதுவரிக்கும் அவரு லீவுலதான் இருக்காரு."

"ஜனவரியில ரிடையர்மென்ட் வருதுங்களே?"

"வரும். லீவுலயே ரிடையர் ஆவாரு. வூட்டக் காலி பண்ண வேண்டியதுதான்."

கொலை செய்தவன் பிணம் கிடைத்துவிடுமோ என்று பயப்படுவான். கிடைக்கவில்லையே என்று தூங்காமல் கிடந்தவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சினிமா பார்த்துக் கொலை செய்தேன். டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவனுக்கு, ஆபீஸில் என்ன கேட்பார்கள் என்பது ஞாபகம் வரவில்லை.

நானே போய்த் தோண்டி எடுத்தால் சந்தேகம் வரும். அதனால் படம் எடுக்க முடிவு செய்தேன். கதை கையில் இருந்தது. க்ளைமாக்ஸில் துப்பறிவாளன் முந்திரித் தோப்பில் தோண்டுவான். தோண்டும்போது நிஜமாகவே ஏதோ தட்டுப்படும். அக்டோபரில் கிளம்பினோம். கேமரா நிலவன். என் கடையில் வேலை பார்ப்பவன், கெட்டிக்காரன். துப்பறிவாளன் நான். வேறு யாரும் அந்தக் கோட்டைப் போடச் சம்மதிக்கவில்லை.

முந்தின நாளே தனியாகப் போய் மேல்மண்ணை இளக்கி வைத்தேன். குழி வெட்டிய மரத்தடியைக் கண்டுபிடிக்கவே பாதிப் பகல் ஆகிவிட்டது. முந்திரி மரம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது சார். அப்பா அவ்வளவு ஆழம் வெட்டியிருக்க வேண்டாம்.

ஷூட்டிங் அன்று அம்மா ஆரோக்கியம்மாளையும் அழைத்துப் போனேன். எல்லோருக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார். அடையாளம் காட்ட ஆள் வேண்டும் இல்லையா? சட்டை எடுத்தவருக்கே சட்டை தெரியும். அடுத்த மரத்தடியில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா வந்து பாத்தா எவ்ளோ சந்தோசப்படுவாரு" என்றார்.

முதல் டேக். தோண்டினேன். ஊதா நிறத்தில் சட்டைக் கையின் ஓரம் தெரிந்தது. நான் அலறவேண்டிய இடம். வாயைத் திறந்தேன்.

"அண்ணே, ஃபோகஸ் போச்சுண்ணே! உங்க தொப்பியப் புடிச்சிக்கினு கீழயே எறங்க மாட்டுது!" என்று கத்தினான் நிலவன்.

எந்த மகனாக இருந்தாலும் அந்த இடத்தில் அலறியிருப்பான். நான் டைரக்டராகிவிட்டேன். ஒரு மனிதன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கிடைக்கிற ஷாட். ஃபோகஸ் இல்லாமல் எப்படி விடுவது? காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். இரண்டு தட்டு தட்டிச் சமமாக்கினேன். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு "ஒன் மோர்" என்றேன்.

இரண்டாவது டேக் அருமையாக வந்தது. அலறினேன், விழுந்தேன், கோட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அம்மா ஓடி வந்தார். சட்டையைப் பார்த்து, "நான் எடுத்துக்குடுத்ததுங்க... இதப் போட்டுக்கினு இங்கயா வந்து படுத்திருக்கீங்க" என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நிலவன் கேமராவை நிறுத்தவில்லை. நல்ல பையன்.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. நீங்களே என் தோளைத் தட்டிக்கொடுத்தீர்கள். வாரிசு வேலைக்கு மனு கொடுத்தேன். சர்ச்சில் பூசை முடிந்ததும் போட அப்பா நினைவாக ஒரு வீடியோ செய்யச் சொன்னேன் நிலவனிடம். அவன் எதையும் அழிக்காதவன். வீணான ஷாட்டையும் வைத்திரு, ஒருநாள் உதவும் என்று நான்தான் பழக்கியிருந்தேன். முதல் டேக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறான். தொப்பி துல்லியமாக இருந்திருக்கிறது. அதற்குக் கீழே கலங்கலாக ஒரு ஊதா. அதைக் குனிந்து பார்க்கும் நான். மண்ணைத் தள்ளும் என் கால்.

அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக உங்களிடம் வந்துவிட்டான்.

ஆமாம் சார், அப்பாவைக் கொன்றது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். கோர்ட்டில் முதல் டேக்கை மட்டும் போடவேண்டாம். ஃபோகஸ் இல்லாத ஷாட்டை வைத்து ஒருவனை எடைபோடுவது நியாயமில்லை. இரண்டாவதையும் போடச் சொல்லுங்கள். அப்பா மேல் நான் எவ்வளவு உயிராக இருந்தேன் என்று அதில்தான் சரியாகத் தெரியும்.