வெர்னன் மாமாவின் கடைசி இசைத்தட்டு

பிளேன் டீக்குச் சீனி வேண்டாம் ஐயா. நான் உடம்பைப் பார்த்துக்கொள்பவன்.

வெர்னன் டக்கெட்டை ஹட்டன் டவுனில், முனாப் நானாவின் பழைய சாமான் கடையில்தான் கண்டெடுத்தேன். பெரிய துரையின் பங்களா ஹோட்டலானபோது கழித்துப்போட்ட பெட்டி. உள்ளே ஒரு ரெக்கார்ட் பிளேயர், அவருடைய இசைத்தட்டுகள் அத்தனையும். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர். சோல் என்று ஒரு வகையாம்.

"கொண்டு போங்க தம்பி. அந்த மனுசன் கத்துற கத்துல கடைக்கு ஒருத்தரும் வாராங்க இல்ல," என்றார் நானா.

ஒரு பாடகரை அறிய வேண்டுமென்றால் முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டுவரை, வரிசையாக, கூட்டத்தோடு கேட்க வேண்டும். இது என் கொள்கை. ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பாட்டு தொடங்கியதும் எல்லோருக்கும் வேலை வந்துவிடும்.

நான் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். இராமையா பெரியப்பாவின் சாவு வீட்டில் ஒப்பாரி ஓடிக்கொண்டிருந்த கைப்பேசி அணைந்துபோனது. வேறு வழியில்லாமல் வெர்னனின் முதல் தட்டை வைத்தேன். அவர் அடிவயிற்றிலிருந்து கதறினார். யாரும் எழுந்து போகவில்லை. பிணம் எடுக்கும்வரை போக முடியாதல்லவா. ஜீவராணி அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார்:

"இப்புடி உருகுறாரே, யாருடா? செத்தவருக்கு என்ன முறை?"

"வெளிநாட்டுல இருக்காருக்கா."

"அப்ப மச்சானாத்தான் இருக்கும். பங்காளி எவன் இப்புடி அழுவான்?"

அன்றிலிருந்து அவர் தோட்டத்துக்கே வெர்னன் மாமா. வேலாயி ஆத்தா இறந்தபோது தம்பி முறையில் அழுதார். சோலைமலை அண்ணன் இறந்தபோது, அவர் குரல் வரும்வரை பந்தலில் யாருக்கும் சரியாக அழுகை வரவில்லை. இளமைக் குரல், காதலி விட்டுப்போன காலம், குடித்த காலம் என்று தட்டுத்தட்டாக முன்னேறினோம்.

கடைசித் தட்டு மட்டும் மிச்சமிருந்தபோது தோட்டத்தில் ஆரோக்கியம் பரவியது. மருத்துவ முகாம் நடத்தியவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

அப்போதுதான் மூக்கன் தாத்தா வந்தார். இருதய நோயாளி. சாவே இல்லாத நாளிலும் வெர்னனைக் கேட்க என் வாசலுக்கு வருகிற ஒரே ஆள்.

"தம்பி, நான் போனா நம்ம வெர்னன முழுசா போடணும். பாதியில நிப்பாட்டுன, எந்திரிச்சு வந்து ஒதைப்பேன். ஆனா அவசரமில்லப்பா. பேத்தி கல்யாணத்தப் பாத்துட்டுத்தான்."

முழுசாக என்று கேட்ட முதல் மனிதர். அதை நான் முன்பதிவாக எடுத்துக்கொண்டேன். கல்யாணம் என்றதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொன்னது.

அவருடைய மாத்திரைகளை ஹட்டனிலிருந்து வாங்கி வருவது நான்தான். அதே கடதாசி உறையில் புதினா மிட்டாய் போட்டுக் கொடுக்கத் தொடங்கினேன்.

"இந்தத் தடவ மருந்து நல்லா இருக்குப்பா," என்றார். கடைசிக் காலத்தில் ஒரு மனிதருடைய வாயைக் கசக்கவிடாமல் வைத்திருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த உறையில் எறும்பு மொய்த்ததைப் பேத்தி சர்மிளா பார்த்திராவிட்டால் பொலிசுக்கும் இந்த அலைச்சல் இல்லை.

தாத்தாவின் சாவு வீட்டில் கடைசித் தட்டின் முதல் பக்கம் அருமையாக ஓடியது. மலையே அழுதது. தட்டைத் திருப்பிப் போடும்போது மழைக்குக் கரண்ட் போய்விட்டது. வருவதற்குள் தூக்கிவிட்டார்கள்.

பாதியில் நின்றால் எழுந்து வந்து உதைப்பேன் என்றவர் எழவில்லை. குழிவரை கூடவே போய்ப் பார்த்தேன். சொன்ன சொல் தவறியது அவர்தான்.

ஆம், கொன்றது நான். ஆனால் கொலைகாரன் என்று எழுதாதீர்கள், ரசிகன் என்று எழுதுங்கள். எனக்கு யார்மீதும் கோபம் கிடையாது. இரண்டாம் பக்கம்தான் ஊசி படாமல் கிடக்கிறது.

காலையிலிருந்து நீங்களும் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருக்கிறீர்கள் ஐயா. என்ன மாத்திரை என்று சொல்லுங்கள், வெளியே வந்ததும் நானே வாங்கி வந்து தருகிறேன்.