ஒட்டகத்துக்கு விழுந்த ஓட்டு

ஹலோ... ஹலோ, தோன்யாவா?... நான்தான், அண்ணன்... ஆமா, ஆமா, மாஸ்கோவுலதான். ஸ்டேஷன் போன் கூண்டுல நிக்கறேன்... இரு, சொல்றேன். முதல்ல அந்தப் பக்கத்து ரூம் லீதியா கதவைச் சாத்தியிருக்காளா பாரு.

தங்கை குடியிருக்கும் வீட்டில் நாலு குடும்பத்துக்கும் ஒரே அடுப்படி, நடையில் ஒரே தொலைபேசி. மணி அடித்தால் எல்லாக் கதவும் விரலளவு திறக்கும். அடுத்தவன் சங்கதி என்றால் அத்தனை ருசி. கிழவர் ப்ரோஹோர் கதவு சாத்துகிற சத்தம் காதில் விழும்வரை வாயைத் திறக்கவில்லை.

ஜெயிக்கல... ஆமா, உன் பையன் ஜெயிக்கல... அழாதே. அழுதா வெச்சுருவேன்... ரோத்யாவுக்கு ஒண்ணும் ஆகல. மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு ரூமுக்குப் போயிட்டான்... பரிசுப் பணத்துல தனி அடுப்படி உள்ள வீடா? அதை மறந்துரு.

ரோத்யா போட்டியிட்ட அந்த டெலிவிஷன் வினாடி வினா எங்கோ வெளிநாட்டான் கண்டுபிடித்தது. விளக்கு, நாற்காலி, நெஞ்சு படபடக்க வைக்கிற அந்த மேளம் எல்லாவற்றையும் அப்படியே வாங்கி வந்துவிட்டார்கள். கூட்டத்தை வாங்கி வர முடியுமா? கூட்டம் இங்கத்திய கூட்டம். பதில் தெரியாமல் ஒருத்தன் கூட்டத்தைக் கேட்டால் அந்த ஊர் ஜனங்கள் சரியானதைச் சொல்லி உதவுவார்கள் என்று டெலிவிஷன்காரி ஒருத்தி எல்லாருக்கும் விளக்கினாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

பாதிப் பேரு கூலிக்குக் கைதட்ட வந்தவன், தோன்யா. எப்பச் சிரிக்கணும்னு சொல்லிக் குடுத்துச் சிரிக்க வெக்கறான்... ஆமா, த்தூ... எனக்கா? கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால. உன் பையன் பாத்துக் குடுத்த இடம்... என் கால்ல அந்த முரட்டு வலென்கி பூட்ஸ். பனிக்கு வேற எதைப் போடறது? ‘மாமா, காமிராவுல விழும், காலை உள்ள இழுத்துக்கோ’ங்கறான்... சரி, அது கிடக்கட்டும்.

கேள்வியச் சொல்லவா? வலென்கி பூட்ஸ எதுல செய்யறாங்க... சிரிக்காதே, அதான் கேட்டான். ஆட்டு ரோமம், ஒட்டக ரோமம், பருத்தி, சணல்... ஆடுன்னு தெரியாமலா? அதைப் போட்டுக்கிட்டுத்தானே பள்ளிக்கூடம் போனான். இவ்வளவு சுலபமாக் கேக்கறானே, உள்ள ஏதோ சூது இருக்குன்னு பயந்துட்டான். அது தப்பில்ல, நான்னாலும் பயந்திருப்பேன். கூட்டத்தக் கேட்டான்.

கூட்டத்தில் ஆளுக்கு ஒரு பொத்தான் பெட்டி கொடுத்திருந்தார்கள், பதிலுக்கு ஓட்டுப் போட. ப்ரோஹோருக்குப் பக்கத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தவள், அவன் ஒருத்தனே அள்ளிக்கொண்டு போவதா, நாம் உட்கார்ந்து கைதட்டுவதா என்று சொல்லிக்கொண்டே ஒட்டகத்துக்கான பொத்தானை அமுக்கினாள். முன்வரிசையில் ஒருவன் தோள் குலுங்கச் சிரித்தான்.

திரையில பாக்கறேன், ஒட்டகம் தலைய நிமித்திக்கிட்டு நிக்குது. ஆடு கீழ கிடக்கு... ஆமா, ஆமா, அத்தனை பேரும். முன்னப்பின்னப் பாக்காதவனக் கவுக்கறதுல என்ன சுகமோ... இவனும் நம்பிட்டான். ‘மக்கள் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்’னான். மக்களாம்... கேள்வி கேக்கறவன் பல்லக் காட்டிக்கிட்டே கை குடுத்து அனுப்பிட்டான். பன்னிப் பசங்க. துடைச்சு எறியற கந்தல் மாதிரி...

என்ன கேட்ட?... சத்தம் கேக்கல, ரயில் கூவுது.

கூண்டுக்கு வெளியே எந்த ரயிலும் கூவவில்லை. ஒரு பெண் நடைமேடையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

நானா?... எனக்கும் பொத்தான் பெட்டி குடுத்தாங்க... ஆமா, தூணுக்குப் பின்னாலயும் குடுத்தாங்க... இப்ப எதுக்கு அது? நான் ஒருத்தன் ஆட்டை அமுக்கியிருந்தா மட்டும்... கத்தாதே, லீதியா கதவத் திறப்பா.

கிழவர் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். பனி உருகி, நனைந்த ஆட்டின் வாடை அடித்தது.

என் காலைப் பாத்து மூஞ்சியச் சுளிச்சான், தோன்யா. பெத்த தாயோட அண்ணன் நான்... ஆமா... ஆமா. ஒட்டகம்தான்.

ஹலோ... தோன்யா?... ஹலோ...

இணைப்பு அறுந்துபோயிருந்தது. ப்ரோஹோர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

கூட்டம் சொன்னா நம்ப மாட்டான்னுதானே அமுக்கினேன். நம்ம வீட்டுல எவன் யார நம்பியிருக்கான்.