வாசல் நிலையில் ஒரு டேக்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பாதியில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள், பிறகு துணைக்கு ஆள் வராது...

நள்ளிரவு. மரம் அறுக்கும் மில்லுக்குப் போகும் ரோடு. இருபுறமும் ஒரு வீடு கிடையாது. அதில் தனியாக பைக்கில் போய்க்கொண்டிருந்தார், நம் தெருவில் இருக்கும் பெயிண்டருடைய தங்கை புருஷன். நமக்கும் மச்சான் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பலகை எந்தக் காட்டில், எந்த மரத்திலிருந்து வந்தது என்று தடம் பிடிப்பதுதான் மச்சானுக்கு வேலை. மரத்தை வெட்டினால் ஒரே எண்ணில் இரண்டு டேக், அதாவது சின்ன அடையாள வில்லை. ஒன்றைக் கட்டையில் அடிப்பார்கள், மற்றதைக் காட்டிலேயே நிற்கும் அடிக்கட்டையில். கையிலிருக்கும் மெஷினைப் பக்கத்தில் கொண்டுபோனால் ‘டிங்’ என்று எண்ணைக் காட்டும். இரண்டும் பதிவானால்தான் கட்டை அறுப்பு வாளுக்குப் போகும்.

அன்று சாயங்காலம் ஒரு கட்டை டேக் இல்லாமல் வந்து இறங்கியது. முறைப்படி காட்டுக்குப் போய் அதன் அடிக்கட்டையைத் தேட வேண்டும். மச்சான் போகவில்லை. வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். “தனியா இருக்க பயமா இருக்குங்க, சீக்கிரம் வாங்க” என்று போன் மேல் போன். பாவம், மனுஷன் என்ன செய்வார்? புது டேக் ஜோடி ஒன்றை எடுத்து, ஒரு டேக்கைக் கட்டையில் அடித்தார். மற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசல் நிலையிலேயே அடித்து மெஷினைக் காட்டினார். டிங். காலையில் பிடுங்கிக் காட்டில் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

ராத்திரி மில் வாட்ச்மேன் கூப்பிட்டார்.

“சார்... உங்க கட்டையைக் காணோம்.”

“எவனாவது தூக்கிட்டுப் போயிருப்பான்யா.”

“கிரேன் வெச்சு இறக்கினது சார். கேட் பூட்டினபடியே இருக்கு.”

மனைவியை எழுப்பித் தாழ் போடச் சொல்லாமல், வெளியே பூட்டிக்கொண்டு மெஷினோடு கிளம்பினார். அவள் நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

பாதி வழியில் அந்த வாசனை வந்தது. அப்போதுதான் அறுத்த பச்சை மரம்... ஈர மண்... வண்டியை நிறுத்தினார். ஹெட்லைட் வெளிச்சத்தில், புழுதியில் அகலமாக ஒரு தடம். கனமான எதையோ இழுத்துக்கொண்டு போனது போல. அது ரோட்டை விட்டு இறங்கி, வெட்டவெளியில் குறுக்கு வழியாக அவர் வீட்டுப் பக்கம், ஜோடி டேக் அடித்த வாசலை நோக்கிப் போயிருந்தது.

மச்சான் வண்டியைத் திருப்பினார். அவளைத் தனியாக விட்டுவிட்டு வந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு பறந்தார்.

பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தார். வீடு முழுக்கப் பச்சை மர வாசனை. கட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். அப்பாடா என்று போர்வையை இழுத்துவிடக் குனிந்தார்.

டிங்.

கையிலிருந்த மெஷின். கட்டையின் எண். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்... வெறுந்தரை. தலைமாட்டில் காட்டினார், சத்தமில்லை. கால்மாட்டில் சத்தமில்லை. நடுவில் கொண்டுவந்தார்...

டிங்.

அவள் கண் விழித்தாள். “வந்துட்டீங்களா... என்னைக் கொஞ்சம் எழுப்பி விடுங்களேன். எவ்வளவு நேரமா முயற்சி பண்றேன், முடியல.”

இரண்டு கையையும் பிடித்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தார். அவள் இம்மியும் அசையவில்லை.

“வயிறு ரொம்பக் கனக்குதுங்க” என்றாள்.

கட்டிலின் நாலு காலடியிலும் சிமெண்ட் தரை மெல்ல விரிசல் விட்டுக்கொண்டிருந்தது.