நட்சத்திரம் போட்ட இரண்டு மணி நேரம்

போன் வாங்குவதென்றால் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள் சார். அரை மணி நேரம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, கடைக்குப் போய் வேறு எதையாவது வாங்கிக்கொண்டு வருவார்கள். இதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் கிடையாது. கோபக்காரனால் ஒரு சாதனத்தை நியாயமாக எடைபோட முடியாது.

ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது என் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான், நன்றி மட்டும் கிடைக்காது. கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்டு போன் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அடுக்களையில் எத்தனை பாத்திரம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து சமையலின் ருசியைச் சொல்வது மாதிரி அது. லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து ஓட்டிவிட்டு "சூடாகுதுங்க" என்று வந்து நிற்பார்கள். ஊரிலேயே நல்ல போனாகப் பார்த்து வாங்கிவிட்டு, சார்ஜரை நடைபாதைக் கடையில் வாங்குவார்கள். இதையெல்லாம் நான் எடுத்துச் சொல்லாமல் இருந்ததே இல்லை. அதனால் எனக்கு 'மாடல் நம்பர்' என்று பட்டப்பெயர். வைத்தவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. நான் அவன் வீட்டுக்குள் கால் வைத்தால், "மாடல் நம்பர் வந்தாச்சு, டிவிய மூடுங்க, குறை கண்டுபிடிச்சிடுவாரு" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவியும் சிரிப்பாள். நானும் சிரித்துவைப்பேன்.

அவனுக்குக் கண்ணில் பட்ட ஆஃபரையெல்லாம் வாங்கியாக வேண்டும். மனசு கெட்டவன் இல்லை. படிக்கத் தெரிந்தும் எதையும் முழுதாகப் படிக்காதவன், அவ்வளவுதான்.

மாமா, அதாவது என் மாமனார், அப்படி இல்லை. மாமி போனபிறகு எங்களோடுதான் இருந்தார். என் பேச்சை முழுதாகக் கேட்டு, அதன்படியே நடந்த ஒரே ஆள். ஒருமுறை அவருக்கு ஒரு போனைச் சொல்லி அனுப்பினேன். கடையிலிருந்தே எனக்குப் போன் போட்டார். "மாப்ள, இந்தத் தம்பி வேற என்னென்னவோ காட்டுறாரு. எங்க மாப்ள சொன்னதைத் தவிர எதையும் தொட மாட்டேன்னுட்டேன். சரிதானே?" என்றார். என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை சார். அவரை எனக்கு உண்மையிலேயே ரொம்பப் பிடிக்கும். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

போன வருஷம் அவருக்கு நுரையீரல் கெட்டுப்போயிற்று. ஆக்சிஜன் மெஷினை வாடகைக்கு எடுத்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். கரண்டில் ஓடுகிற மெஷின். அது நின்றால் அவர் மூச்சு சில நிமிஷம்கூடத் தாங்காது என்று டாக்டர் எங்கள் மூன்று பேரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார். அவசரத்துக்கு என்று ஒரு சின்ன சிலிண்டரும் மூலையில் இருந்தது. இருந்தாலும் கரண்ட் போனால் மெஷின் பேட்டரியில் ஓட ஒரு யூபிஎஸ் வாங்கிவிடலாம் என்று பேச்சு வந்தது. நான் ஒரு வாரம் உட்கார்ந்து, படித்து, ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குள் மச்சினன் வேறொன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கிவிட்டான். ஆஃபராம்.

பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் 'இரண்டு மணி நேர பேக்கப்' என்று போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தின் விளக்கம் பெட்டியின் அடியில், எறும்புகூடக் கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டிய அளவில் இருந்தது. ஒரே ஒரு பல்பு எரிந்தால்தான் இரண்டு மணி நேரம். நான் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

"அத்தான், அவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் பொய்யா போடுவான்?" என்றான்.

"பொய் இல்லடா. நட்சத்திரம்."

அன்றிலிருந்து அது வீட்டில் ஒரு ஜோக். குழம்பில் உப்பு குறைந்தால், "நட்சத்திரம் போட்டுருக்கா, அக்கா?" என்று கேட்பான். என் மனைவி என்னிடம் தனியாக வந்து, "விடுங்களேன். பாவம், ஆசையா வாங்கிட்டு வந்திருக்கான். கரண்ட் போனா சிலிண்டர் இருக்குல்ல" என்றாள். எங்கள் வீட்டில் 'விடுங்களேன்' என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் என் நியாயத்தை நானே மென்று விழுங்க வேண்டியதுதான்.

சில நாள் கரண்ட் போகும். உடனே வந்துவிடும். "பாத்தீங்களா, ஜம்முனு ஓடுது" என்று மச்சினன் என் முதுகில் தட்டுவான். ஒரு பொருளைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு முன் அதை முறையாகச் சோதிக்க வேண்டும் சார். அவன் சோதிக்கவில்லை. யாராவது ஒருவர் செய்துதானே ஆகவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவும் தம்பியும் மருந்து வாங்கக் கிளம்பினார்கள். "அப்பாவைப் பாத்துக்கோங்க" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர்கள் போனதும் சிலிண்டரைத் தூக்கிப்போய் பால்கனியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். நடுவில் வேறொரு ஏற்பாடு இருந்தால் முடிவு சுத்தமாக வராது. பிறகு, யூபிஎஸ்ஸுக்குப் போகிற சுவிட்சை அணைத்துவிட்டு, போனில் நேரத்தை ஓடவிட்டேன்.

மாமா விழித்துத்தான் இருந்தார். யூபிஎஸ் பீப் அடித்ததைக் கேட்டு, "கரண்ட் போச்சா மாப்ள?" என்றார். மேலே பார்த்தார். "ஃபேன் ஓடுதே?"

"ஒரு சின்ன டெஸ்ட் மாமா."

"ஓ, அந்த நட்சத்திரமா?" என்று சிரித்தார். "பாருங்க, பாருங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பதினோரு நிமிஷம். யூபிஎஸ் அணைந்தது. ஆக்சிஜன் மெஷின் நின்று, அதன் அலாரம் கத்த ஆரம்பித்தது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு மணி நேரம் எங்கே, பதினொன்று எங்கே.

நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும். டெஸ்ட் அதோடு முடிந்துவிட்டதே என்பீர்கள். டெஸ்ட் முடிந்தது, விவாதம் முடியவில்லை. போனில் நேரத்தைக் காட்டினால், "அத்தான், இதுல நீங்க என்ன வேணா காட்டலாம்" என்பான். அவள் 'விடுங்களேன்' என்பாள். எங்கள் வீட்டு ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்தால்தான் உண்டு. அதனால் மனைவிக்குப் போன் செய்தேன்.

"தெரு முனைக்கு வந்துட்டோம். அப்பா எப்படி இருக்காரு?"

"இருக்காரு" என்றேன். அந்த நேரத்துக்கு அது உண்மை.

தெரு முனையிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்து வர எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது. ஆனால் ஏதோ ஒரு கடை வாசலில் தள்ளுபடி போர்டைப் பார்த்து மச்சினன் நின்றுவிட்டான் என்று பிறகு தெரிந்தது. தாமதத்தில் அவன் பங்கும் இருக்கிறது. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

மாமா சுவிட்சைக் கையால் காட்டினார். "கொஞ்சம் பொறுங்க மாமா, வந்துட்டாங்க" என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார் சார். அந்தத் தலையாட்டலை நான் மறக்கமாட்டேன். இன்னொருவராக இருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பார். அப்புறம் உதடு கறுத்தது. எழுந்திருக்கப் பார்த்தார். கீழே விழுந்துவிடுவாரோ என்று தோளைப் பிடித்து அழுத்திப் படுக்கவைத்தேன். அவர் விரல்கள் என் சட்டையைப் பிடித்திருந்தன. நான் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலாரம் கத்திக்கொண்டே இருந்தது. பிடி தளர்ந்தது. அதற்கப்புறம்தான் லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

ஒருவரும் யூபிஎஸ்ஸைப் பார்க்கவில்லை. அவள் அப்பா மேல் விழுந்து அலறினாள். மூச்சு குறைந்ததால்தான் மெஷின் கத்துகிறது என்று நினைத்துவிட்டார்கள். நான் யூபிஎஸ் பக்கம் கையைக் காட்டி, "இங்க பாருடா" என்று இரண்டு தடவை சொன்னேன். மச்சினன் அவரைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினான். ஆஸ்பத்திரியில் நுரையீரல் நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் வாடகைக்காரர் மெஷினை எடுத்துப்போனார். யூபிஎஸ்ஸை மச்சினன் கொண்டுபோனான்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "கடைசி வரைக்கும் எங்கப்பாவைக் கைவிடாத பீஸ் அது" என்று சொல்லி அழுதான். நான் பொறுத்துக்கொண்டேன். நேற்று பக்கத்து ஃபிளாட்காரர் வந்தார். அவருடைய அம்மாவுக்கும் இப்போது அதே மாதிரி மெஷின் வைத்திருக்கிறார்களாம். எந்த யூபிஎஸ் வாங்கலாம் என்று கேட்டார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அவர் மச்சினனைப் பார்த்துக் கேட்டார். அவனும் அதே மாடலைச் சொன்னான்.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்ற கவலையில்தான் இன்று காலையில் நானாக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் போடவில்லை. மாமாவைக் கொன்றது நான்தான் என்று எழுதுவதென்றால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். என் மனைவிக்கு இன்னும் எதுவும் தெரியாது. நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் அந்தப் பதினோரு நிமிஷத்தை முதலில் சொல்லுங்கள் சார். மற்றதை முதலில் சொல்லிவிட்டால், அவள் அதற்கப்புறம் எதையும் காதில் வாங்கமாட்டாள்.